அத்தானின் இரண்டு சொற்கள்

அத்தானை நினைத்தால் எனக்கு முதலில் ஒரு விரல்தான் வருகிறது. இடது கை ஆள்காட்டி விரல். அக்கா ஒட்ட வெட்டிவிட்ட நகம். மடிக்கணினியின் விசைகளுக்கு மேலே, எதையும் தொடாமல், அது ரொம்ப நேரம் நின்றுகொண்டிருக்கும். பிறகு இறங்கி ஓர் எழுத்தை அழுத்தும். மறுபடி மேலே போய் நிற்கும். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், ஃபேரர் பார்க்கில் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, 'கோ நார்த்' என்று ஆங்கிலத்தில் இரண்டு சொற்களை அவர் அடித்து முடித்தார். வடக்கே போ. திரையில் உடனே பதில் வந்தது. நீங்கள் ஓட்டலின் வடக்குத் தாழ்வாரத்துக்கு வந்திருக்கிறீர்கள், வெளியே மழை, எதிரே ஒரு கதவு பூட்டியிருக்கிறது. அத்தான் திரும்பி என்னைப் பார்த்தார். அவர் சொல்லி ஒரு காரியம் முழுசாக நடந்து பல மாதங்கள் ஆகியிருந்தன. நான் மகிழ்ந்திருக்க வேண்டும். விசைகளுக்கு நடுவே பிஸ்கட் தூள் கிடப்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கிளம்புவதற்கு முன் ஊதிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

அந்தக் காலம் முழுவதும் நான் அப்படித்தான் இருந்தேன். எது நடந்தாலும் அதன் பக்கத்தில் இருக்கிற ஏதாவது ஒரு சின்ன விஷயம்தான் கண்ணில் பட்டது. அதனால்தானோ என்னவோ, சின்ன விஷயங்கள் எல்லாம் இன்னும் அப்படியே நினைவில் இருக்கின்றன.

அத்தான் என் அக்காவின் கணவர். சுற்றுலா வழிகாட்டி. பேச்சுதான் அவர் தொழில். பேருந்தின் முன்பக்கத்தில், ஓட்டுநருக்குப் பக்கத்தில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டு, கையில் மைக்கோடு சிராங்கூன் சாலை முழுக்கப் பேசிக்கொண்டே வருவார். ஆங்கிலம் வரும், மலாய் வரும், ஜப்பானிய மொழியில் சிரிக்க வைக்கும் அளவுக்கு வரும். எந்த மொழியில் பேசினாலும் ஒரு கட்டடத்திலிருந்து அடுத்த கட்டடத்துக்குத் தாவும்போது 'அப்புறம்' என்பார். அதற்கு மட்டும் வேறு மொழி கிடையாது. பயணம் முடிந்து இறங்கும்போது வெளிநாட்டுக்காரர்கள் ஒருவருக்கொருவர் 'அப்புறம், அப்புறம்' என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே போவார்களாம். மாதா கோவிலில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசையில் பைபிளின் முதல் வாசகத்தைப் படிப்பது பெரும்பாலும் அவர்தான். வீட்டுக்கு வந்தும் நிறுத்த மாட்டார். செய்தியைப் பற்றி, பக்கத்து வீட்டைப் பற்றி, அன்று பேருந்தில் வந்த ஒரு ஸ்வீடன்காரரின் தொப்பியைப் பற்றி. அவர் பேசுவார், அக்கா வெங்காயம் நறுக்குவாள். நடுவில் எப்போதாவது, "போதும் லா, தொண்ட காயலயா உங்களுக்கு?" என்பாள். எனக்கு நினைவு தெரிந்து அந்த வீட்டில் அக்கா பேசிய நீளமான வாக்கியம் அதுதான். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அவர் குரலே வீட்டை நிரப்பப் போதுமானதாக இருந்தது.

ஒரு நாள் அவர் சமையலறைக் குழாய்க்கு வாஷர் வாங்க ஜாலான் புசாருக்கு நடந்து போனார். எப்போதும் போகிற ஹார்ட்வேர் கடை. கடைக்காரர் வயதான சீனர், அத்தானை நன்றாகத் தெரியும். அத்தான் வாய் திறந்து என்னவோ கேட்டார். கேட்டது எந்த மொழியும் இல்லை. கடைக்காரர் வழக்கமான கேலி என்று நினைத்துச் சிரித்திருக்கிறார். அத்தான் மறுபடி கேட்டார். அப்போது அவர் வலது கையிலிருந்து பழைய வாஷர் தானாக நழுவிக் கீழே விழுந்து உருண்டது. அதைப் பார்த்துத்தான் கடைக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரவைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். அக்கா எனக்கு அலுவலகத்துக்கு ஃபோன் செய்தாள். "அத்தான் பேச மாட்டேங்கறாரு, நீ வா" என்றாள். ஏதோ சண்டை என்று நினைத்து, மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு வருகிறேன் என்று சொன்னேன். அவள் ஃபோனை வைக்காமல் மூச்சு விட்டுக்கொண்டிருந்ததில்தான் புரிந்தது.

மருத்துவமனையில் சொந்தக்காரர்கள் அழுதார்கள். நான் அழவில்லை. தாழ்வாரத்தில் இருந்த குளிர்பான இயந்திரத்தில் எந்த வரிசை காலி என்று பார்த்துக்கொண்டு நின்றேன். மூளையின் இடது பக்கத்தில் அடைப்பு என்றார் டாக்டர். வலது கை போயிற்று, வலது கால் பாதி போயிற்று. இரண்டு கண்ணும் திறந்திருந்தும் எதைப் பார்த்தாலும் அதன் வலது பாதி அவருக்குத் தெரியவில்லை. தட்டில் வலப்பக்கம் இருக்கிற குழம்பை அப்படியே விட்டுவிடுவார். பேச்சு போயிற்று. நாம் சொல்வது புரியும், என்ன சொல்ல வேண்டும் என்று அவருக்கும் தெரியும், சொல் மட்டும் வராது. இப்படிப்பட்டவர்களுக்குச் சில சமயம் ஒரே ஒரு சொல் மிஞ்சும், வாழ்நாளில் அதிகம் தேய்ந்த சொல்லாக இருக்கும் என்று பேச்சுப் பயிற்சி தருகிற இளம் சீனப் பெண் என்னிடம் சொன்னாள். அத்தானுக்கு மிஞ்சியது 'அப்புறம்'. பெயர் என்ன என்று கேட்டால் அப்புறம். வலிக்கிறதா என்றால் அப்புறம். தண்ணீர் வேண்டும் என்றாலும், ஜன்னலைச் சாத்து என்றாலும், எனக்கு என்ன ஆயிற்று என்றாலும், எல்லாம் அந்த ஒரே சொல்தான். ஏற்ற இறக்கம் மட்டும் மாறும்.

வீட்டுக்கு வந்தபின் கோவிலிலிருந்து ஆட்கள் பார்க்க வந்தார்கள். நல்லவர்கள். காது கேட்காதவரிடம் பேசுவதுபோல் உரக்கப் பேசினார்கள். அத்தான் "அப்புறம்…" என்று தொடங்கினால், "ஆமா ஆமா, எல்லாம் சரியாயிடும்" என்று அவர்களே முடித்துவைத்தார்கள். அவர் அதைச் சொல்ல வரவில்லை என்று அவர் முகமே காட்டும். ஆனாலும் புரிந்துவிட்டதுபோல் தலையாட்டினார்கள். நானும் ஆட்டியிருக்கிறேன். பயிற்சிக்காரப் பெண் வாரம் ஒருமுறை வந்து வாழைப்பழம், குடை, நாற்காலி என்று படம் போட்ட அட்டைகளை மேசையில் பரப்புவாள். அத்தான் சற்று நேரம் பார்ப்பார். பிறகு இடது கையால் அட்டைகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைப்பார். அவள் கோபப்பட மாட்டாள். அடுத்த வாரமும் அதே அட்டைகளைக் கொண்டு வருவாள்.

நான் உட்லண்ட்ஸில் தனியாக இருக்கிறேன். அக்கா பூசைக்கும் தேக்கா சந்தைக்கும் போய்வர வேண்டும் என்பதால் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வந்து அத்தானோடு உட்காருவேன். எனக்கு மென்பொருள்களைச் சோதித்துப் பார்க்கும் வேலை. ஞாயிறும் ஏதாவது பாக்கி இருக்கும். ஒரு நாள் மேசையில் கணினியைத் திறந்து வைத்திருந்தேன். கறுப்புத் திரையில் வெறும் எழுத்து ஓடி முடிந்து, கடைசி வரியில் அந்தச் சின்னக் குறி அடுத்த கட்டளைக்காக மின்னிக்கொண்டிருந்தது. அத்தான் இடது கையை நீட்டி அதன் மேல் விரலை வைத்தார். "அப்புறம்" என்றார். அந்த உற்சாகக் குரலை நான் வெகு நாட்களாகக் கேட்கவில்லை.

"இது ஆபீஸ் வேல அத்தான்."

தலையை ஆட்டி மறுத்தார். விரலைத் திரையிலேயே மேலே நகர்த்தினார், பக்கத்தில் நகர்த்தினார், கீழே நகர்த்தினார். எனக்குப் புரியவில்லை. புரிந்ததுபோல் சிரித்தேன்.

வீடு திரும்பும் ரயிலில்தான் அது வந்தது. அவர்களுக்குக் கல்யாணமான புதிது. நான் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். அவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் அத்தானிடம் ஒரு பழைய கணினி இருந்தது. கறுப்புத் திரை, பச்சை எழுத்து. வேலை இல்லாத நாட்களில் அதன் முன்னால் உட்கார்ந்து ஏதோ அடித்துக்கொண்டிருப்பார். அது விளையாட்டு என்றார். படம் எங்கே என்று கேட்டேன். "படம் உள்ள ஓடுது மேடம்" என்று தன் நெற்றியைத் தட்டிக் காட்டினார். எனக்கு அது சலிப்பாக இருந்தது, டிவி பார்க்கப் போய்விட்டேன். இப்போது ரயிலில் அந்தப் பச்சை எழுத்துகள் நினைவுக்கு வந்தன. நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று கணினி எழுதிக் காட்டும். என்ன செய்யலாம் என்று நாம் எழுத வேண்டும். வடக்கே போ. கதவைத் திற. விளக்கை எடு. செய்ததன் விளைவை அது மறுபடி எழுதும். அவ்வளவுதான் விளையாட்டு. பெரும்பாலும் இரண்டு சொல் போதும். நீட்டி முழக்கிப் பேசினால் அதற்குத்தான் குழப்பம்.

பயிற்சிக்காரப் பெண்ணிடம் ஃபோனில் கேட்டேன். இரண்டு சொல் வாக்கியமா என்று திருப்பிக் கேட்டாள். ஆமாம் என்றேன். தான் அவரிடம் எதிர்பார்ப்பதும் இப்போது அதுதான், இரண்டு சொல் வந்தால் அதற்குப் பெயரே வாக்கியம்தான், முயன்று பாருங்கள் என்றாள்.

இந்த விளையாட்டுகளில் கதை ஒரு கோப்பாக இருக்கும். அதை ஓட்டிக் காட்டுவது தனி மென்பொருள். கேசட் வேறு, கேசட் பிளேயர் வேறு என்பதுபோல. பழைய விளையாட்டுகளும் இன்று ஆர்வலர்கள் எழுதுகிற புதியவையும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஓட்டுகிற மென்பொருள்களும் பல இருக்கின்றன. எது நல்லது என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். எனக்கு அந்தக் கேள்வியே வேறாக இருந்தது. ஒரு கை, பாதிப் பார்வை, ஒரே சொல். இதற்கு எது பொருந்தும்?

முதலில், எதையும் நிறுவ வேண்டாமே என்று இணையப் பக்கத்திலேயே ஓடும் ஒன்றைத் திறந்து கொடுத்தேன். எழுத்து பொடியாக இருந்தது. பெரிதாக்கினால் பாதி வரி வெளியே போயிற்று. அத்தானின் விரல் தவறிப் பக்கத்துப் பொத்தானில் பட்டதும் பக்கம் புதிதாகத் திறந்து, அவர் அதுவரை போன இடமெல்லாம் அழிந்துவிட்டது. அவர் முதல் அறையிலேயே மறுபடி நின்றார். அன்று அவர் அதற்குமேல் தொடவில்லை. அடுத்த வாரம், எல்லோரும் பாராட்டிய ஓர் அழகான மென்பொருளைக் கணினியில் நிறுவினேன். அச்சுப் புத்தகம்போல் எழுத்து, இரண்டு பக்கமும் அளவான ஓரம். அழகுக்குக் குறைவில்லை. ஆனால் அத்தான் ஒவ்வொரு வரியையும் பாதியில் விட்டார். வரியின் வலது பாதி அவருக்கு இல்லவே இல்லை. 'இங்கே ஒரு சாவி' என்பது தெரியும், 'கிடையாது' என்பது தெரியாது. சாவியை எடு என்று அடிப்பார். சாவி இல்லை என்று அது சொல்லும். அவர் மேசையைத் தட்டுவார்.

மூன்றாவது ஒரு பழைய, வறட்சியான மென்பொருள். திறந்தால் ஒரு கறுப்புச் சதுரம், வேறொன்றும் இல்லை. ஆனால் எதை வேண்டுமானாலும் மாற்ற விட்டது. அமைப்புகளில் வலது ஓரத்தைத் திரையில் பாதிக்கு மேல் தள்ளினேன். வரிகள் எல்லாம் இடப்பக்கம் மட்டும், ஒல்லியான தூணாக ஓடின. எழுத்து பெரிது, கறுப்பில் மஞ்சள். மூடும்போது தானாகவே சேமித்து, திறக்கும்போது விட்ட இடத்தில் நிற்கும்படி செய்தேன். ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டே இன்னொன்றை அழுத்தத் தேவையில்லாதபடி கணினியின் அமைப்பையும் மாற்றினேன். பாதி திரை காலியாகக் கிடந்தது. பார்க்க ஏதோ பழுதானதுபோல் இருந்தது. அத்தான் முதல் பத்தியைப் படித்தார். கண் ஒரு வரியின் முடிவுக்குப் போய், திரும்பி, அடுத்த வரிக்கு வந்தது. முடிவுவரை போனது. வாசகம் படிக்கிறபோது செய்வதுபோல் உதடு அசைந்தது.

விளையாட்டைத் தேர்ந்ததிலும் கொஞ்சம் யோசித்தேன். பழைய விளையாட்டுகள் இரக்கமில்லாதவை. இருட்டில் ஓர் அடி தவறாக வைத்தால் செத்தாய் என்று சொல்லிவிடும். சாவு இல்லாத ஒன்றைத் தேடி எடுத்தேன். ஆர்வலர் யாரோ எழுதியது. புயல் நாளில் ஒரு பழைய ஓட்டல், உள்ளே யாரும் இல்லை, அறைகள் பூட்டியிருக்கின்றன, அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும். எத்தனையோ ஓட்டல் வாசல்களில் பேருந்தோடு காத்து நின்றவர், இது பிடிக்கும் என்று நினைத்தேன்.

அவர் முதலில் அடித்தது 'கோ நோத்ர்'. அந்தச் சொல் எனக்குத் தெரியாது என்று திரையில் வந்தது. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அதையும் தாங்க வேண்டுமா இவர் என்று நினைத்தேன். பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. அவர் சிரித்துக்கொண்டிருந்தார். மூச்சு முட்ட, ஒரு பக்க வாயால். அந்த வரியைக் காட்டிக் காட்டிச் சிரித்தார். நோய் வந்த நாளிலிருந்து அவரிடம் புரியவில்லை என்று நேராகச் சொன்னவர் யாருமில்லை. இது ஒன்றுதான் சொன்னது. சொல்லிவிட்டுக் காத்திருந்தது. தலையாட்டவில்லை, முடித்துவைக்கவில்லை, கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அவர் எழுத்துகளைத் தேடித் தேடிச் சரியாக அடித்தார்.

சில வாரங்களில் அடிப்பதற்கு முன் சொல்லை வாயால் சொல்லிப் பார்க்கத் தொடங்கினார். ஓப்பன் டோர். டேக் கீ. வெயிட். லுக். வந்ததெல்லாம் ஆங்கிலம், வந்ததெல்லாம் கட்டளை. பயிற்சிக்காரப் பெண் கேட்டுவிட்டு, சத்தம் போடாமல் கை தட்டினாள். அட்டைகளைப் பைக்குள் வைத்துவிட்டாள்.

அக்காவுக்குத்தான் அது பொறுக்கவில்லை. ஒரு ஞாயிறு அவள் தேக்காவிலிருந்து இரண்டு கையிலும் பையோடு வந்து நின்றாள். அத்தான் விளையாட்டில் ஓட்டலின் மாடிப்படியில் இருந்தார். திரும்பிப் பார்க்காமல் "வெயிட்" என்றார். அவள் நின்றாள். பிறகு அவள் கையைப் பார்த்துவிட்டு "ட்ராப் பேக்" என்றார். அவர் கனிவோடுதான் சொன்னார் என்று இப்போது எழுதும்போது தெரிகிறது. அக்கா பைகளைத் தரையில் வைத்தாள். ஓர் ஆரஞ்சு உருண்டு சோஃபாவுக்கு அடியில் போயிற்று.

"பாத்தியா? நாய்க்குச் சொல்ற மாதிரி சொல்றாரு. வெயிட்டு, சிட்டு, ட்ராப்பு."

"அவருக்கு வர்றது அதான்க்கா."

"வந்தா தமிழ்ல வரட்டும். இத்தன வருஷம் எங்கிட்ட தமிழ்லதானே பேசினாரு? இந்த மெஷின்ல தமிழ் இல்லியா?"

முயன்று பார்த்திருந்தேன். அந்தப் பழைய மென்பொருள் தமிழ் எழுத்தை வெறும் கட்டங்களாகக் காட்டியது. இன்னொன்றில் கொம்பு தனியாகவும் எழுத்து தனியாகவும் நின்றது. புதிய ஒன்றில் நானே ஒரே ஓர் அறையைத் தமிழில் எழுதி, 'திற கதவு' என்றால் திறக்கும்படி செய்து கொடுத்தேன். தமிழ் விசைகளில் ஓர் எழுத்தைத் தேடுவதற்குள் அத்தான் களைத்துப்போனார். கணினியைத் தள்ளி வைத்துவிட்டார். அதையெல்லாம் அக்காவுக்கு விளக்கவில்லை. "இல்லக்கா" என்று மட்டும் சொன்னேன்.

"அப்ப அதத் தூக்கிட்டுப் போயிடு. வேண்டாம். நான் பேசாம இருக்கறவரயே பாத்துக்கறேன்."

அவள் குரல் உயரவில்லை. நான் திரையைச் சாத்தப் போனேன். அவள் வீடு, அவள் கணவர். அத்தான் இடது கையை மூடியின் மேல் வைத்துத் தடுத்தார். அக்காவைப் பார்த்தார். அவளை நேராக, முழுசாகப் பார்ப்பதற்கு அவர் தலையை நன்றாக வலப்பக்கம் திருப்ப வேண்டியிருந்தது.

"டெல்" என்றார்.

அக்கா என்னைப் பார்த்தாள்.

"டெல் மீ."

"என்னத்தச் சொல்ல?" என்றாள் அக்கா.

அவர் தரையில் இருந்த பைகளைப் பார்த்தார். உதடு இரண்டு மூன்று முறை கூடிப் பிரிந்தது. "டெல்… மார்க்கெட்."

"மார்க்கெட்ல என்ன இருக்கு? ஒன்னுமில்ல. வாவல் மீன் கேட்டேன், இல்லன்னுட்டான்."

"அப்புறம்?" என்றார் அத்தான்.

அது கேள்வியாக வந்தது. மற்ற நேரங்களில்போல் எதற்கோ பதிலாக வந்த சொல் அல்ல, அந்தச் சொல்லே வேண்டுமென்று சொன்னது. அக்கா நின்றபடியே அவரைப் பார்த்தாள். "அப்புறம் என்ன, கெளுத்தி வாங்கினேன். வெட்டறவன் புதுசு. தலைய வீசிட்டான். எங்க வீட்ல தலைதான்டா வேணும்னு சொன்னா முழிக்கறான். பக்கத்துல நின்ன மலாய்க்கார மக்சிக் ஒருத்தி சிரிச்சிட்டா. அந்த வளையல் கடைய மூடிட்டாங்க தெரியுமா, சாமான்லாம் வெளிய கெடக்கு…" சொல்லிக்கொண்டே நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். நான் சோஃபாவுக்கு அடியில் கையை விட்டு ஆரஞ்சைத் தேடினேன். மீனை உடனே குளிர்பெட்டியில் வைக்க வேண்டும் என்பதுதான் என் மனதில் இருந்தது. எழுந்து போய் வைத்துவிட்டு வந்தபோதும் அவள் பேசிக்கொண்டிருந்தாள்.

அதன்பிறகு அந்த வீட்டில் பேசியது அக்காதான். அவர் ஒரு சொல்லைக் கொடுப்பார், அவள் அதை எடுத்துக்கொண்டு போவாள். டெல் சர்ச். டெல் ரெயின். ஒரு நாள் டெல் மதர் என்றார். எங்கள் அம்மாவின் கடைசி நாட்களைப் பற்றி எனக்கே தெரியாதவற்றை அக்கா சொன்னாள். நான் சமையலறையில் பாத்திரம் கழுவியபடி கேட்டுக்கொண்டிருந்தேன். இன்னொரு நாள் அவர் எதுவும் கேட்காமலேயே சொன்னாள். "கல்யாணமான புதுசுல, நீங்க பேசறதக் கேக்கக் கேக்க எனக்குப் பயமா இருக்கும். இவகிட்ட சொல்றதுக்கு ஒன்னுமே இல்லன்னு கண்டுபிடிச்சிடுவீங்களோன்னு. அதான் வாயே தொறக்க மாட்டேன்."

"நோ" என்றார் அத்தான். சற்று நேரம் கழித்து, "இல்ல" என்றார். "இல்ல… இல்ல."

தமிழ். இரண்டாவது தமிழ்ச் சொல். அக்கா அதைக் கவனித்தாளா என்று தெரியவில்லை. அவள் அவர் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுவிட்டுக்கொண்டிருந்தாள். நான் கவனித்தேன். கவனித்தேன் என்பதைத் தவிர வேறொன்றும் எனக்குள் நடக்கவில்லை.

அடுத்த மழைக்காலத்தில், ஒரு வார நாள் காலையில், பல் துலக்கிவிட்டு வந்து உட்கார்ந்தவருக்கு மறுபடி அடைப்பு வந்தது. இந்த முறை எந்தச் சொல்லும் மிஞ்சவில்லை. சில நாட்கள் மருத்துவமனையில் கிடந்து போய்விட்டார். ஓட்டலின் மேல்மாடியில் இரண்டு அறைகள் பாக்கி இருந்தன. அவற்றை நான் திறந்து பார்க்கவில்லை.

அடக்கப் பூசையில் நான் வந்தவர்களுக்குப் பாக்கெட் பானம் கொடுத்துக்கொண்டிருந்தேன். உறிஞ்சுகுழல் ஒட்டாமல் சில பாக்கெட்டுகள் வந்திருந்தன, அவற்றைத் தனியாக எடுத்து வைத்தேன். முதல் வாசகத்தை வேறு ஒருவர் படித்தார், நன்றாகத்தான் படித்தார். அக்கா அழவில்லை. யாரிடமும் பேசவும் இல்லை. வீட்டுக்கு வந்தும் பேசவில்லை. ஞாயிறுதோறும் நான் போவேன். சாப்பிடுவோம், டிவி போடுவோம். கேட்டால் ஆம், இல்லை. அதற்கு மேல் அவளிடம் எதையும் கேட்க எனக்கு வாய் வரவில்லை. வெங்காயம் நறுக்குகிற சத்தம் மட்டும் பழையபடி கேட்டது.

போன மாதம் அந்தப் பயிற்சிக்காரப் பெண்ணிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. உட்லண்ட்ஸில் இன்னொருவர் இருக்கிறார், தமிழர், கப்பல் பட்டறையில் மேற்பார்வையாளராக இருந்தவர், அதே நிலைமை. அவர் மனைவியிடம் உங்களைப் பற்றிச் சொல்லலாமா, நீங்கள் செய்ததுபோல் ஒன்றை அமைத்துத் தர முடியுமா என்று கேட்டிருந்தாள். சரி என்று பதில் போட்டேன். அத்தானுக்காக வைத்த கணினி அக்கா வீட்டில் இருந்தது, அமைப்புகளை அதிலிருந்து எடுக்கலாம் என்று போனேன். எதற்கு என்று கேட்டாள். சொன்னேன். அவள் எழுந்து உள்ளே போனாள். பேச்சு அவ்வளவுதான் என்று நினைத்தேன். புடவை மாற்றிக்கொண்டு வந்தாள்.

"நானும் வர்றேன்."

அந்த வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் ஜொகூருக்குப் போகிற பாலம் தெரிந்தது. லாரிகள் நகராமல் நின்றன. அந்த மனிதருக்கு மிஞ்சிய சொல் 'ஓகே'. எனக்கு வணக்கம் சொல்வதற்கு ஓகே என்றார், உட்காரச் சொல்வதற்கும் ஓகே என்றார். அவர் மனைவி வயதில் சின்னவள், தூங்காத கண்கள். நான் கணினியைத் திறந்து உட்கார்ந்தேன். அத்தானின் அமைப்புகள் இவருக்குப் பொருந்தவில்லை. இவர் பார்வையில் குறையில்லை, இரண்டு கையும் வேலை செய்தன, ஆனால் நாலு வரி சேர்ந்தாற்போல் படித்தால் குழம்பிப்போனார். வலது ஓரத்தைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன். எழுத்தை உரக்க வாசித்துக்காட்டும் வசதியைச் சேர்த்தேன். அழகான மென்பொருள்கள் அந்த வசதியோடு ஒத்துப்போவதில்லை, இந்த வறட்டு மென்பொருள் ஒத்துப்போயிற்று.

"உங்க வீட்டுக்காரருக்கு இதுல சரியாயிடுச்சாக்கா?" என்று அந்தப் பெண் அக்காவிடம் கேட்டாள்.

என் கை நின்றது.

"அவர் போயிட்டாரும்மா" என்றாள் அக்கா. "திரும்ப வந்துடுச்சு, போயிட்டாரு."

அந்தப் பெண் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். அக்கா அவள் தோளைத் தொட்டாள். "டீ போடறியா? வா, நானும் வர்றேன்" என்று அவளைச் சமையலறைக்கு அழைத்துப் போனாள், தன் வீடுபோல.

சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் விழுகிற சத்தம், பிறகு அக்காவின் குரல். "அதட்டற மாதிரிதான் இருக்கும். கோவப்படாத. நான் பட்டேன். மெஷின எடுத்துட்டுப் போன்னு சொல்லிட்டேன், அவர்தான் விடல…" கெட்டில் கொதித்து நின்றது. அவள் நிறுத்தவில்லை. ஜாலான் புசார் கடைக்காரரைப் பற்றிச் சொன்னாள். கெளுத்தி மீனின் தலையைப் பற்றிச் சொன்னாள். அந்தப் பெண் ஏதோ கேட்டாள், அக்கா சிரித்துவிட்டு மறுபடி தொடங்கினாள். எங்கே எப்போது இவ்வளவையும் சேர்த்து வைத்திருந்தாள் என்று தெரியவில்லை.

அப்போது என் கண் கலங்கியது என்று எழுத ஆசைதான். கலங்கவில்லை. வேலை முடிந்துவிட்டிருந்தது, கணினி வாசிக்கிற முதல் அறையை அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். கிளம்பலாமா என்று நான் அக்காவைக் கூப்பிடவில்லை. அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.